எழுதாமல் விட்ட தெரெரே

டான் எவுலாலியோவின் எடை ஒரே நாளில் ஒரு கிலோ கூடியிருந்தது. எடை இயந்திரத்தை நகர்த்தி வைத்து மறுபடி பார்த்தேன். அதே எடை.

இதயம் பலவீனமான அவர் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து எழுதுவது என் பொறுப்பு. நான் மாலை வகுப்பு நர்சிங் மாணவி. பகலில் துணிக்கடை வேலை. வார்டுப் பயிற்சிக்காகக் கெஞ்சி இரண்டு வாரம் விடுப்பு வாங்கியிருந்தேன்.

கிரிசெல்டா டீச்சர் என் தாளைப் பார்த்தார்.

"குடிச்சது தொள்ளாயிரம் மில்லிதான்னா நீர் இறக்குற மருந்து பத்தலை. டாக்டர் இரட்டிப்பாக்கிடுவார். தாள் சரிதானே, நிமியா?"

"சரின்னுதான் நினைக்கிறேன் டீச்சர்."

"நினைக்கிறதை எழுத அதுல இடமில்லை."

நான்தான் எங்கோ கூட்டலில் தவறியிருப்பேன் என்று மூன்று முறை கூட்டினேன். பிறகு டான் எவுலாலியோவின் மனைவி தியோலிந்தாவிடம் கேட்டேன்.

"இவருக்குத் தண்ணி ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"ஒரு சொட்டு இல்ல மகளே. நாக்கு வறண்டு போச்சுன்னு என்னைத் திட்டிக்கிட்டே கெடக்காரு."

சொல்லிக்கொண்டே பிளாஸ்கிலிருந்து ஐஸ் தண்ணீரை இலைத்தூள் நிரம்பிய கொம்புக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். டான் எவுலாலியோ குழலால் சத்தம் வரும்வரை உறிஞ்சித் திருப்பித் தந்தார். எங்கள் ஊரில் நாள் முழுக்க ஒரே குவளை எல்லோரிடமும் சுற்றிவரும்; அடுத்தது எனக்கு. பாதி குடித்த பிறகுதான் உறைத்தது.

"அம்மா, இது?"

"இது தெரெரே!"

"தெரெரேயப் போயி யாராவது தண்ணிம்பாங்களா?" என்றார் டான் எவுலாலியோ. "தண்ணின்னா டம்ளர்ல வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாக இதே குவளையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் 'சூப் 200' என்று எழுதியவள் நான்தான்.

ஊசிக்குழாயால் அளந்தேன். ஒரு குவளைக்கு ஐம்பது மில்லி. நாளுக்கு அவர் மட்டும் இருபது குவளையாவது குடித்திருப்பார்.

'எனக்குத் தெரியாமல் வீட்டார் கொடுத்தது' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்போது வார்டின் அந்தக் கோடியில் டாக்டர் நுழைந்தார். இரட்டிப்பு மருந்தோடு ஒருநாள் தெரெரே நின்றால், ரத்த அழுத்தம் இறங்கி இந்த மனிதர் கழிவறை வாசலில் விழுவார். துண்டுத்தாளைக் கசக்கினேன்.

"டீச்சர், தாள் தப்பு. மூணு நாளும் தெரெரேய சேர்க்கல. நானும் அவங்களோட குடிச்சேன்."

டீச்சர் மேசைமேல் இருந்த தன் தெரெரே பிளாஸ்கை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட நீயே சொல்லு. சிவப்புல திருத்திக் கையெழுத்துப் போடு. பயிற்சில இந்த மூணு நாள் செல்லாது, திரும்பச் செய்யணும்."

கடையில் இன்னும் மூன்று நாள் விடுப்பு எப்படிக் கேட்பேன் என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் மருந்தைக் கூட்டவில்லை.

"காட்டிக் குடுத்துட்டியே, போலீஸ்காரி!" என்றார் டான் எவுலாலியோ.

"என்னையும் சேர்த்துத்தான் காட்டிக் குடுத்தேன். வாங்க, ஒரு லிட்டரப் பிரிப்போம். காலைல காபி இருநூறு."

"வெட்டு."

"சூப்?"

"அந்தப் பாத்திரம் கழுவுன தண்ணியா? வெட்டு."

"மாத்திரைக்கு நூறு."

"அம்பது."

"கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பேரம் பேசல," என்றார் தியோலிந்தா.

பாதி சூப்பையும் இரண்டு வேளைப் பாலையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எட்டுக் குவளைக்கு ஒத்துக்கொண்டார். முதல் குவளையைக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக உறிஞ்சினார். நான் பேனாவை எடுத்தேன்.

"இன்னும் முடியல மகளே," என்றார். "அதுக்குள்ள எழுதாத."