சொன்னதைச் சொன்னபடி

புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்திய பிறகு, அந்த வீட்டில் இரண்டு பேரிடமும் பேசுகிற ஆள் நான்கு வயது மகள் மட்டும்தான். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு.

அவன் ஏசி மெக்கானிக். தூரத்து ஊரில் பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டதும், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தான். அவள் பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறவள். கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் பகலெல்லாம் தேன் ஒழுகப் பேசுவாள். வீட்டுக்குள் கால் வைத்ததும் வாய்க்குப் பூட்டு. அவனுக்கும் வீறாப்புக்குக் குறைச்சல் இல்லை. கழுதை வயதாகியும் இரண்டு பேருக்கும் புத்தி வரவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

"டீ ஆறுதுன்னு அப்பாகிட்ட சொல்லு."

வாலு ஓடுவாள். "அப்பா, டீ ஆறுதாம். நான் கொஞ்சம் குடிச்சுப் பார்த்தேன். நிஜமாவே ஆறிடுச்சு."

"ஈர டவலை கட்டில் மேல போட வேணாம்னு சொல்லு."

"அப்பா, அம்மாவுக்கு உங்கள ரொம்பப் பிடிக்குமாம். டவலை மட்டும் பிடிக்கலையாம்."

அவன் சிரித்துவிடுவான். இது மகளின் சொந்தச் சரக்கு என்று அவனுக்குத் தெரியும். சமையலறையில் இருக்கிறவளிடமும் வாலு இதே வியாபாரம்தான் செய்தாள். சாப்பாடு வேண்டாம் என்று அவன் சொன்னால், "அப்பா வயித்துல கோவம் இருக்காம்மா, அதுக்கு மேல சாப்பாடு வெக்க எடம் இல்லையாம்" என்பாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், "அப்பா அழுதாரும்மா. சாரி சொல்லச் சொன்னாரு" என்று வந்து நின்றாள். பாவம், அம்மாக்காரிக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகப் போய்க் கதவைத் திறந்தால், அவன் கட்டிலில் மல்லாந்து போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "என்ன?" என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். அவள் அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நடித்துவிட்டுத் திரும்பினாள். அந்த அவமானம் முழுவதும் குழந்தை தலையில் விடிந்தது.

"இனிமே சொன்னதைச் சொன்னபடி சொல்லணும். ஒரு வார்த்தை சேர்த்தே, தோலை உரிச்சிடுவேன்."

வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு சொல்லலாமா?"

"பார்த்ததைச் சொல்லு, கேட்டதைச் சொல்லு. வேற எதுவும் கூடாது."

மறுநாள் காலையில் அவன் பையை வாசலில் வைத்துவிட்டு ஷூ மாட்டினான். முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அம்மாகிட்ட போய்ச் சொல்லுடா. போக வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா, அப்பா போகல."

வாலு உதடு அசைய அதையே முணுமுணுத்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை ஒரு கணம் நின்றது. முந்தின நாள் பட்டது இன்னும் ஆறவில்லை. அவராவது, இறங்கி வருவதாவது! குழந்தை திருந்தியிருக்கும் என்றுகூட நம்பியிருப்பாள். புருஷன் திருந்துவான் என்று நம்பத்தான் மனசு வரவில்லை. சிரித்தாள். கசந்த சிரிப்பு.

"போ, போய் அப்பாவுக்கு டாட்டா சொல்லு."

வாசலில் அவன் எழுந்து நின்றிருந்தான். "என்ன சொன்னாங்க?"

"அம்மா சிரிச்சாங்க. டாட்டா சொல்லச் சொன்னாங்க."

"வேற?"

"வேற எதுவும் சொல்லலப்பா."

கேட் சத்தம் கேட்டபோதும் அவள் அடுப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். வாலு வந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். பாராட்டு வாங்க வந்த முகம். "இன்னைக்கு நான் ஒண்ணுமே சேர்க்கலம்மா. அப்பா சொன்னதுலயும் சேர்க்கல, நீ சிரிச்சதுலயும் சேர்க்கல. ஆனா அப்பா மூஞ்சி நல்லாவே இல்ல."

அவள் துணியை அப்படியே போட்டாள். வெறுங்காலோடு தெருமுனைவரை ஓடினாள். அங்கே குப்பை வண்டிதான் நின்றது. திரும்பி ஓடிவந்து போன் போட்டாள். எடுத்தான். பஸ் இரைச்சலுக்கு நடுவில் "சொல்லு" என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் சொல். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. போனை மகளிடம் நீட்டி, "வரச் சொல்லு, போக வேணாம்னு சொல்லு" என்று சைகையும் மூச்சுமாகச் சொன்னாள்.

"அப்பா, அம்மா போக வேணாம்னு சொல்றாங்க. திரும்பி வரச் சொல்றாங்க. அழுறாங்கப்பா."

வாலு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"என்னடி சொன்னாரு?"

"'என் தங்கம், உனக்கு மட்டும்தான்டா அப்பா மேல ஆசை'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு."

அவள் மறுபடி போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.