டெஷ் வாத்தியாரின் பாம்பு

வீட்டில் நாய் கூடாது, பூனை கூடாது என்று முப்பத்தொரு வருஷம் அடம்பிடித்த மனுஷன் வெர்னன் டெஷ். எதிர்வீட்டுப் பெண் அரிசோனாவுக்குக் குடிபோகும்போது அவர் மனைவி ஆர்டிஸிடம் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டியை மட்டும் பேசாமல் உள்ளே விட்டார். ஏனென்றால் அதில் இருந்தது பாம்பு. மிச்சிகனில் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பாம்பு என்றால் பெண்டாட்டிக்குப் பாடம் நடத்தலாமே.

ஒரே ஒரு தரம் குனிந்து பார்த்தார். "கார்ட்டர் பாம்பு. மூணு மஞ்சக் கோடு தெரியுதில்ல? மண்புழு போடு, போதும்."

போட்டாள். மழை விட்ட காலைகளில் தோட்டத்தைத் தோண்டி, புழுவைக் கழுவி, நறுக்கிப் போட்டாள். பாம்பு மோந்துகூடப் பார்க்கவில்லை. பதினைந்து நாளில் அதன் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு உயிர் வந்திருக்கிறது, அதுவும் பட்டினியில் சாகப்போகிறதே என்று ஆர்டிஸுக்குப் பொறுக்கவில்லை.

நூலகத்தில் புத்தகம் எடுத்து வந்தாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து மேலே செதில் வரிசைகளை எண்ணினாள். கார்ட்டருக்குப் பக்கக் கோடு இரண்டாவது, மூன்றாவது வரிசையில் ஓட வேண்டும். இதற்கு மூன்றிலும் நான்கிலும் ஓடியது. கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பொட்டு வேறு. இது கார்ட்டருக்கு நெருங்கிய உறவான ரிப்பன் பாம்பு. மீனும் தவளையும் தின்னும், மண்புழுவைச் சீண்டாது.

"வெர்ன், கோடு மூணாவது, நாலாவது வரிசையில இருக்கு. இது ரிப்பன் பாம்பு. கொஞ்சம் வந்து பாரேன்."

அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் பாம்ப அறுத்துவச்சுப் பாடம் எடுத்தவன், ஆர்டிஸ். நீ அதே ஸ்கூல் கேன்டீன்ல சூப் ஊத்துனவ. பசிச்சா தின்னும், விடு."

அவர் முடிவெட்டப் போன நேரத்தில் அவள் கப்பி என்ற குட்டி மீன் ஏழு வாங்கிவந்து தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டாள். பத்து நிமிஷத்தில் ஏழு மீனும் காலி. ஆர்டிஸ் தொட்டிமுன் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

திரும்பி வந்தவர் உப்பிய வயிற்றைப் பார்த்தார். "பாத்தியா? சொன்னேன்ல."

"மீன் போட்டேன் வெர்ன். மீனத்தான் தின்னுச்சு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவருக்கு நாலாவது காலைக் காட்டினால், அவர் முயலையே ஒழித்துவிடுவார். திங்கட்கிழமை அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது தொட்டி இருந்த மேஜை காலியாக இருந்தது.

"ஸ்கூலுக்குக் குடுத்துட்டேன். இங்க இருந்தா உனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

தொட்டியில் ஒட்ட அட்டையும் அவரே எழுதிக் கொடுத்தாராம். கார்ட்டர் பாம்பு. உணவு, மண்புழு மட்டும். நன்கொடை, வெர்னன் டெஷ்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். இப்போது உயிரியல் எடுப்பது கெய்லா, வெர்னனிடம் படித்த பெண். எண்ணிய செதிலையும் தின்ற மீனையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னாள். "மண்புழு போட்டா செத்துரும் கண்ணு. மீன் போடு."

கெய்லா மரியாதையாகச் சிரித்தாள். "மிஸஸ் டெஷ், அவர்கிட்ட படிச்சுதான் நானே டீச்சர் ஆனேன். ஞாபகம் இருக்கா? சரியான பதிலுக்குத் தப்பு போட்டுட்டார்னு ஒரு நாள் கேன்டீன்ல உங்ககிட்ட அழுதேன். 'அவருக்குத் தெரியாததா கண்ணு, நீதான் தப்பா எழுதியிருப்ப'ன்னு சொன்னீங்க. அன்னைலேருந்து நான் அவர் பேச்ச மறுத்ததே இல்ல."

ஆர்டிஸுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று சாயங்காலமே அவள் வெர்னனின் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருந்தாள். கெய்லா எழுதியதுதான் சரி.