மாப்பிள்ளையின் கண்ணீர்

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சவரம் செய்யும் உரிமை எங்கள் சைப்ரஸில் மாப்பிள்ளைத் தோழனுக்குத்தான். மாப்பிள்ளை ஹம்பிஸின் தோழன் லோயிசோஸுக்கோ கன்னத்தில் வெறும் பூனைமுடி. ஹம்பிஸுக்கு இரும்புக் கம்பி. வெந்நீர்த் துண்டைப் போட்டு நன்றாக ஊறவைத்தால்தான் கத்தி நகரும்.

இன்று யார் ஊறவிட்டார்கள்? சோப்பு நுரையைப் பூசிவிட்டு, சவரச் சடங்குக்கு வாசிக்க வந்த வயலின்காரர் பாட்டு முடியட்டும் என்று நின்றார்கள். அதற்குள் நுரை காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. அதன்மேலேயே கத்தியை வைத்து இழுத்தான் லோயிசோஸ். முடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

"டேய், தாடிடா இது, கோரைப்புல் இல்ல! வெந்நீர் கொண்டாடா!"

"ஆடாம இருடா. எனக்கெல்லாம் பச்சைத்தண்ணியே போதும்."

"உனக்கு எங்கடா தாடி இருக்கு?"

வலியில் ஹம்பிஸின் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சுற்றி நின்ற அத்தைமார் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"பொண்ணுமேல எவ்வளவு ஆசை பாருங்கடி, சந்தோஷத்துல அழறான்!"

வயலின்காரர் உருகிப்போய் இன்னொரு பாட்டை ஆரம்பித்தார். நுரை இன்னும் காய்ந்தது.

"தண்ணி கொடுங்களேன், நாசமாப் போறவங்களா!" என்று கத்தினான் ஹம்பிஸ்.

அம்மா ஓடிப்போய் ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். "தொண்டையை அடைக்குதா ராசா? குடி."

சர்ச்சில் மணப்பெண் க்ரிஸ்தல்லா அவன் பக்கம் சாய்ந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"எனக்காக அழுதியாமே?"

காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர் காதிலும் ஏறாத உண்மை நாக்கு நுனிவரை வந்தது. எரிகிற கன்னத்தைத் தடவிக்கொண்டே லோயிசோஸை முறைத்தான்.

"ஆமா" என்றான்.