ஏழு படி

இரண்டாவது படியில் வலது காலை வைத்துவிட்டார் தையற்காரர். இடது கால்தான் முதல் படியை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. மடக்கு ஏணியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. புது பல்பு சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

“கீழ பாக்காதீங்க,” என்றாள் கட்டிலில் படுத்திருந்த மனைவி.

“எங்க பாக்கறேன்? கண்ணையே மூடிட்டுதான் இருக்கேன்.”

“கண்ணை மூடிட்டு பல்பை எங்க மாட்டுவீங்க? உங்க மண்டையிலயா?”

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நல்ல சாக்கு கிடைத்ததென்று தையற்காரர் இறங்கி வந்து தண்ணீர் டம்ளரை எடுத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அந்தப் பின்னறையின் ஜன்னலுக்கு எதிரே கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும். முந்தாநாள் பல்பு போய்விட்டது. மகள் இரண்டு தடவை ஏணியில் ஏறப் போனாள். இரண்டு தடவையும் அம்மா விடவில்லை.

“நீ ஏறக் கூடாது. அவரே மாத்தட்டும்.”

“அப்பாவாலயா? அம்மா, உனக்கு மருந்து தலைக்கு ஏறிடுச்சு.”

“ஏறட்டும். அவரும் ஏறட்டும்.”

முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டில் பல்பு மாற்றியதும் ஒட்டடை அடித்ததும் பீரோ மேல் சாமான் வைத்ததும் அவள்தான். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வது தையற்காரரின் பங்கு. “வீட்லயே வெச்சுப் பாத்துக்கங்க” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவள். ஆறாவது மாடியில் காவலாளிகளுக்குத் தைத்த சட்டைகளைக் கொடுக்க, மூட்டையும் கையுமாக அந்த லிஃப்டில் ஏறியவர்தான் தையற்காரர். இரண்டாவது மாடி வருவதற்குள் வியர்த்து விறுவிறுத்து, அவள் உட்கார்ந்திருந்த முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, மூட்டையை மட்டும் மேலே எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குப் போட்ட ஏற்பாடு கடைசிவரை மாறவில்லை. அவள் மேலே போவாள், இவர் கீழே இருப்பார்.

“ஒரு நாளைக்கு இருநூறு தடவை மேல போறேன். ஒரு தடவையாவது எதையாவது பாத்திருப்பேனா? தகரச் சுவரும் ஜனங்க முதுகும்தான்,” என்பாள். அதனால்தான் விடுப்பு கிடைத்தால் மலைக்கு ஓடினாள். மலையேறுகிறவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்து பதினான்கு உச்சிகளைத் தொட்டாள். அவளுடைய முதுகுப் பை, காற்றுக்குப் போடும் மேலங்கி எல்லாம் இவர் தைத்தவை. எங்கே எத்தனை தையல் தாங்கும் என்று அவள் வந்து சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பையும் முந்தினதை விட நன்றாக வந்தது. கடைசியில் சங்கத்துக்கே இவர்தான் பை தைத்தார்.

அவரும் கூடவே போவார். மலையடிவாரம் வரைக்கும். கிளம்பும்போது அவள் ஒவ்வொரு தடவையும் “வர்றீங்களா?” என்று கேட்பாள். “அடுத்த தடவை,” என்பார் இவர். பிறகு அங்கே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, மேலே பார்க்காமல், செய்தித்தாளை விளம்பரம் உட்பட வரிவரியாகப் படிப்பார். பதினான்கு மலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்குப் பதினான்கு கடையின் பெஞ்சுகளைப் பற்றி இவருக்குத் தெரியும்.

ஒரு கேள்விதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. உச்சியில் போய் நின்றபோதெல்லாம் அவள் பக்கத்தில் பார்த்திருப்பாளே, புருஷன் இல்லையே என்று அவள் மனசு சுருங்கியிருக்குமோ? கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்து இத்தனை வருடம் கேட்காமலே இருந்துவிட்டார்.

தண்ணீர் குடித்துவிட்டு அவள் கொஞ்சம் தெளிந்தாள். மகள் சமையலறைக்குப் போனாள். மேசை விளக்கின் வெளிச்சம் மனைவியின் கன்னத்தில் மட்டும் விழுந்தது.

“அந்தக் காலத்துல ஜனங்க மலை உச்சின்னா பயப்படுவாங்க, தெரியுமா?” என்றாள். நூறு தடவை சொன்ன கதை. “பேயி இருக்கு, சாமி இருக்குன்னு தூர நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க.”

“புத்திசாலிங்க,” என்றார் தையற்காரர்.

“அப்பறம் அளக்கறவங்க வந்தாங்க. கருவியெல்லாம் தூக்கிட்டு.”

“மலைக்கும் அளவெடுக்க ஆள் வேணும் இல்ல?” இந்த இடம் வந்தால் இதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“அப்பறம் சும்மா பாக்கறதுக்குன்னே வந்தாங்க. நான்தான் மொதல்ல ஏறினேன்னு பேரை எழுதி வெச்சாங்க. ஆனா அவங்களுக்கு முன்னாடியே எவளாவது ஒருத்தி, தொலைஞ்சுபோன ஆட்டைத் தேடிட்டு ஏறியிருப்பா. அவ எதையும் எழுதல. ஆட்டைப் பிடிச்சுட்டு இறங்கிட்டா.”

“மேல அப்படி என்னதான் இருக்கு?”

இதையும் அவர் நூறு தடவை கேட்டிருக்கிறார்.

“ஒண்ணும் இல்ல. அதான் நல்லா இருக்கும்.”

அவர் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது என்று தோன்றியது.

“ஏம்மா, மேல தனியா நிக்கறப்ப... நான் வரலையேன்னு உனக்கு மனக்குறை ஏதாவது...”

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். கண்ணில் அந்தப் பழைய குறும்பு வந்தது.

“பல்பை மாத்துங்க. பதில் வரும்.”

“விளையாடாதே.”

“விளையாடல. நான் கெளம்பறேன். இந்தத் தடவை வர்றீங்களான்னு கேக்க மாட்டேன். நீங்க நிதானமா வாங்க. மொதல்ல பல்பு.”

மத்தியானம் தூங்கினாள். மூச்சு ஒரு சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. மகள் வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள். மூன்றரை மணிக்கு ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்த மூச்சுக்காக இரண்டு பேரும் வெகு நேரம் காத்திருந்தார்கள். கை இன்னும் தையற்காரரின் மடியில்தான் இருந்தது. வேதனைப்படாமல் போனாளே என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது.

மறுநாள் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். வாசலில் கனத்த மலையேறும் காலணிகள் பதினொரு ஜோடி வரிசையாக நின்றன. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், இவர்கள் என்ன மலைக்குப் போகிற வழியில் வந்தவர்களா என்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். எல்லாருடைய முதுகிலும் தையற்காரர் தைத்த பை. ஒன்றில் தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது. அந்த நேரத்திலும் அவர் கண்ணில் அது பட்டது.

சங்கத்தின் செயலாளருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று அவருடைய மனைவியே சொல்லுவாள். எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய பின், வாடகை நாற்காலியை இழுத்துப் போட்டுத் தையற்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாமா, ஒவ்வொரு உச்சிலயும் ஒரு தகர டப்பா இருக்கும். உள்ள ஒரு நோட்டு. ஏறினவங்க தேதி, பேரு, வானிலை, குறிப்பு எல்லாம் எழுதிட்டு வரணும். அது பழைய வழக்கம்.”

“சொல்லியிருக்கா.”

“குறிப்புல அவனவன் என்னென்னவோ எழுதுவான். வானத்தைத் தொட்டேன், பிறவிப்பயன் அடைஞ்சேன்னு. அக்கா பதினாலு மலையிலயும் ஒரே வரிதான் எழுதுவாங்க.” விசில் தொண்டையைச் செருமிக்கொண்டார். “‘கீழே ஒருவர் காத்திருக்கிறார். இறங்க வேண்டும்.’ அவ்வளவுதான். ரெண்டு மலையில மழை வர்ற மாதிரி இருந்துது. நாங்க மேல போயிடலாம்னோம். அக்கா, கீழ ஆள் இருக்காருன்னு சொல்லிட்டுப் பாதியில திரும்பிட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி போய்தான் ஏறினாங்க.”

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் விசில் சொன்னார். தையற்காரருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆசைப்பட்டு ஏறியவளை அங்கே ஐந்து நிமிடம் நிம்மதியாக நிற்க விடாமல் இழுத்தது நான்தானா? பதினான்கு தடவையும் அவள் காலில் கட்டிய கல்லாகவா டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்? விசிலிடம், தையல் விட்ட பையை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

நாலாம் நாள் காலையில் பையைத் தைத்து முடித்தார். கை சும்மா ஆனதும் பின்னறைக்குப் போனார். ஏணி சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. பல்பு மேசை மேல் இருந்தது.

“அம்மாடி, கொஞ்சம் வந்து பிடிச்சுக்கோ,” என்றார் மகளிடம்.

“அப்பா, நான் ஏறிக்கறேனே.”

“வேண்டாம். உங்கம்மா கண்டிஷன் போட்டுட்டுப் போயிருக்கா.”

முதல் படி. இரண்டாவது படி. இடது கால் வழக்கம்போல மறுத்தது. இவ்வளவு பிடிவாதம் எனக்கே ஆகாது என்று அதை மனசுக்குள் திட்டினார், வந்துவிட்டது. மூன்றாவது படியில் வீடு லேசாக ஆடியது. நாலாவது படியில் வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. பீரோவின் மேல்விளிம்பு கைக்கு எட்டியதும் அதைப் பற்றிக்கொண்டார். ஐந்து. ஏழு படி ஏணியில் அதற்கு மேல் தேவைப்படவில்லை. கண்ணைத் திறந்தே ஆக வேண்டும் என்பதால் திறந்தார். பழைய பல்பைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுப் புதியதைத் திருகினார்.

“போடும்மா.”

வெளிச்சம் வந்தது. முப்பத்தொரு வருடமாகத் தன் வீட்டில் இருந்த பீரோவின் உச்சியை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். தூசி. ஒரு பழைய சூட்கேஸ். அதற்கு முன்னால், கைக்கு எட்டுகிற இடத்தில், ஒரு பிஸ்கட் டப்பா.

மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு நோட்டு. தையற்கடை நீல நூலால் அதில் ஒரு பென்சில் கட்டியிருந்தது. நாலு கோடு போட்டு, தேதி, பெயர், வானிலை, குறிப்பு என்று அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. பல்பு மாற்றிய நாள், ஒட்டடை அடித்த நாள், மகளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடி ஏறிய நாள் எதையும் விடவில்லை. வானிலை: ஒட்டடை. வானிலை: பல்லி ஒன்று. வானிலை: தும்மல். குறிப்பில் மட்டும் பக்கம் பக்கமாக ஒரே வரி. கீழே ஒருவர் காத்திருக்கிறார். இறங்க வேண்டும்.

கடைசிப் பதிவு எட்டு மாதத்துக்கு முந்தியது. வியாதி இன்னதென்று தெரிந்த வாரம். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. குறிப்பு கோட்டைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது.

‘ஒருவழியா ஏறிட்டீங்க. மேலே இவ தனியா நின்னாளேன்னு கவலைப்பட்டுக்கிட்டே இருப்பீங்க, தெரியாதா எனக்கு. கீழே நீங்க டீயை ஆற வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னு தெரிஞ்சதாலதான் மேலே எனக்குப் பயமே வரல. யாருமே இல்லாம இருந்தா நான் லிஃப்டோட நின்னிருப்பேன். சரி, கையெழுத்துப் போடுங்க.’

தையற்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை படித்தார். அங்கிருந்து பார்த்தால் கட்டில் சின்னதாகத் தெரிந்தது. மேசை, மருந்துப் புட்டிகள், அவர் தைத்த தலையணை உறை எல்லாமே அதனதன் இடத்தில் அடக்கமாக இருந்தன. மகளின் வகிட்டில் நரைமுடி இரண்டு தெரிந்தது. கால் நடுங்குவது நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை.

“அப்பா? பல்புதான் எரியுதே, மேல என்ன பண்றீங்க?” மகள் இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்மா மாதிரியே பண்ணாதீங்க. பயமா இருக்கு, இறங்குங்க.”

“இரு. ஒரு நிமிஷம்.”

பென்சிலை எடுத்துத் தேதி போட்டார். பெயரை எழுதினார். வானிலையில், நல்ல வெளிச்சம் என்று எழுதினார். குறிப்புக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவள் எழுத்துக்குக் கீழே கோணாமல் எழுதினார்: கீழே ஒருத்தி காத்திருக்கிறாள். இறங்க வேண்டும்.

நோட்டை டப்பாவில் வைத்து மூடி, இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தார். பீரோவைப் பற்றியிருந்த கையை எடுத்துவிட்டு, காலால் நாலாவது படியைத் தேடினார்.