முனைக்கு ஓர் ஆள்

தையல்கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நாத்தனாரோடு சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றக் கிளம்பியபோதே அண்ணி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"அந்த நாடு மட்டும் வேணாம்டி. அதைச் சுத்திக்கிட்டு ரயில்ல போயிடலாம்."

அந்த நாட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆளைக் கடத்துவார்கள், அதிலும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம் என்றார்கள். சொன்னவர்களில் ஒருவரும் அங்கே போனதில்லை என்பது வேறு விஷயம்.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கெஞ்சிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தாள். எல்லை தாண்டி முதல் ஊர் வரைக்கும் மிதிப்பது. அண்ணிக்குப் பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்து ரயில். தனியாகப் போக அண்ணன் விடமாட்டான். ஆக, நாத்தனாரின் மொத்தப் பயணமும் அண்ணியின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லை தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளி. மரம் கிடையாது, வீடு கிடையாது. வானம் இவ்வளவு பெரிது என்று அண்ணிக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே மிதித்ததில் இரண்டு முறை சாலையை விட்டு இறங்கிவிட்டாள். காற்று வேறு முதுகில் கைவைத்துத் தள்ளியது. நாத்தனாருக்குச் சொல்லவா வேண்டும், சிட்டாய்ப் பறந்துவிட்டாள்.

சாலை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவள் நிற்க வேண்டும், பின்னால் வருகிறவள் வந்து சேர்ந்த பிறகுதான் நகர வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இறக்கத்தில் போன வேகத்தில் அந்த மகராசி அதைச் சுத்தமாக மறந்துபோனாள்.

அண்ணி வந்து பார்த்தால் முனையில் ஆளே இல்லை. ஒரு சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. இன்னொன்று புதிதாகத் தார் போட்டுப் பளபளவென்று இருந்தது. யாராக இருந்தாலும் எதில் போவார்கள்? அண்ணியும் அதில்தான் போனாள்.

வெகுதூரம் போன பிறகு தார் முடிந்து மண்பாதை ஆயிற்று. அதில் ஒரு டயர் தடம் இல்லை. அப்போதுதான் வழி தப்பியது உறைத்தது. சார்ஜ் ஏறட்டும் என்று போனை நாத்தனாரின் பையில் போட்டிருந்தாள். பாஸ்போர்ட்டும் அங்கேதான். இவளிடம் இருந்தது அடுப்பும் பாத்திரமும். கடத்திக்கொண்டு போனால் அவர்களுக்குச் சமைத்துப் போடலாம், அவ்வளவுதான்.

திரும்பி எதிர்க்காற்றில் மிதித்தாள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு கார் வந்து குறுக்கே நின்றது. வாட்டசாட்டமான ஒரு ஆள் இறங்கினான். கையிலிருந்த போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு போனைத் திருப்பிக் காட்டினான்.

அதில் அண்ணி. கூடாரத்துக்கு வெளியே வாயைப் பிளந்தபடி தூங்குகிறாள்.

'என் படம் இவன்கிட்ட எப்படி வந்துச்சு?' பைக்குள் கைவிட்டு வாணலியை உருவி ஓங்கினாள். அந்த ஆள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். அங்கே நின்றபடியே காற்றில் சைக்கிள் மிதித்துக் காட்டினான். மிதித்துக்கொண்டே கண்ணைக் கசக்கி ஓவென்று அழுது காட்டினான். சைக்கிளில் அப்படி அழக்கூடியவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். அண்ணி வாணலியை இறக்கினாள்.

அவன் யாருக்கோ போன் செய்து பேசினான். வழியைக் கைகாட்டிவிட்டுத் தன் போக்கில் போனான்.

அவள் தவறவிட்ட அந்த முனையில் இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். காற்று ஆளையே சாய்த்தது. அப்படியும் குண்டும் குழியுமான சாலையை நோக்கி நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. அடுத்த முனையில் மண்வெட்டியோடு சாலைப் பணியாளர்கள் இருவர். அதற்கடுத்த முனையில், பக்கத்தில் ஒரு வீடுகூட இல்லாத இடத்தில், நாற்காலி கொண்டுவந்து போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்று கைநீட்டினார்.

பெயர் தெரியாது, பாஷை தெரியாது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளுக்காக வேலையைப் போட்டுவிட்டு வந்து வெட்டவெளியில் நிற்கிறார்கள். அண்ணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எதற்கு என்று தெரியாமலே அழுதுகொண்டு மிதித்தாள்.

ஊர் எல்லையில் முடிதிருத்தும் கடை வாசலில் கூட்டம். நடுவே நாத்தனார். ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"இந்தக் கடைக்காரர்தான் அண்ணி, எல்லாருக்கும் உங்க படத்த அனுப்பினாரு."

"உனக்கு வேற படமே கெடைக்கலையாடி? ஊரே என் தொண்டைக்குழி வரைக்கும் பாத்திருச்சு."

நாத்தனார் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு என்னோடதுதான். ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. ரயிலுக்கு டிக்கெட் எடுத்துடறேன்."

அண்ணியின் பார்வை கடைக்காரரிடம் இருந்தது. அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வந்து சேர்ந்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அங்கே புல்வெளியில் அந்தக் கைகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக இறங்கும். கிழவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

"ரயில்ல போனா இந்த ஜனங்கள எப்படிடி பாக்கறது?" என்றாள் அண்ணி. "பம்ப எடு. பின்சக்கரத்துல காத்து எறங்கிருக்கு."