பதினோரு கம்பி

என் கிட்டாரில் பன்னிரண்டு கம்பிகள் இருக்க வேண்டும். இருந்தவை பதினொன்று. என் அக்காள் புருஷன் என்னைப் பற்றி எதையெதையோ விசாரிப்பார், இந்த ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

கடையில் இருந்த எலெக்ட்ரிக் கிட்டார்களிலேயே மலிவானது அது. பன்னிரண்டு கம்பியும் இரண்டிரண்டாக, ஆறு ஜோடியாக ஓடும். மூன்றாவது ஜோடியில் தடிமனாக ஒன்று. பக்கத்தில் அதே சுரத்தை உச்சத்தில் பாடுகிற, தலைமுடி போன்ற ஒன்று. அந்த மெல்லியதுதான் என் உயிரை வாங்கியது. கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் பள்ளம் மலிவு வேலை, கத்தி மாதிரி இருக்கும். மாட்டி முறுக்கினால் பட்டென்று அறுந்து கையில் அடிக்கும். ஐந்தாவது தடவை, "போ சனியனே" என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள் நான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் பதினொன்றில் வாசிப்பேன். ஜோடிகள் எல்லாம் கூட்டமாகப் பாடும். மெட்டு மூன்றாவதற்கு இறங்கும்போது மட்டும் ஒற்றைக் குரல் தனியாகக் கீழே போகும். அந்த ஓட்டையை வைத்தே ஒரு மெட்டுப் போட்டேன். ஆறு மாதம் ஆயிற்று. நாற்பத்திரண்டு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் கையில் பிறந்தது அது ஒன்றுதான்.

அத்தான் ஒரு ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் கிட்டார் வாசிப்பவர். குடும்பத்தில் கலைஞன் என்றால் அவர்தான். என் கிட்டாரைப் பார்த்த அன்றே, "ஆறு கம்பியையே ஒழுங்கா அழுத்தத் தெரியல, இதுல பன்னெண்டா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அப்புறம் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்கு வந்திருந்தவர் கூடத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அக்காள் போன் செய்தாள்.

"ஏய், உங்க அத்தான் மெட்டு ஒரு டிவி தொடருக்கு செலக்ட் ஆயிடுச்சுடி! இரு, போட்டுக் காட்டுறேன்."

போட்டாள். என் மெட்டு. நடுவில் என் சமையலறைக் கதவு கிரீச்சிட்டது. அந்தக் கதவுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, அது நான் போட்டது. அது என் வீட்டுக் கதவு."

"யார் பேரு போட்டா என்னடி, குடும்பத்துக்குள்ளதானே? நீ என்ன மேடையேறவா போற?" என்றாள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! போனை வைத்தேன். அன்று ஒரு லென்ஸை அளவு தப்பித் தேய்த்து முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். அதையும் அத்தான் பேரிலேயே எழுதிவைத்தேன்.

அடுத்த வாரம் அவரே வந்தார். தேன் ஒழுகியது.

"ஏம்மா, அந்த கிட்டாரை ஒரு நாளைக்குக் குடேன். ஸ்டுடியோவுல திரும்ப வாசிக்கணும். அதே சத்தம்தான் வேணுமாம். டியூன் என் ஆறு கம்பியிலயே பழகிட்டேன், தண்ணிபட்ட பாடு."

"அதுக்கென்ன அத்தான்? நல்லா ரிப்பேர் பண்ணி நானே கொண்டாறேன். சுருதி கூட்ட நான் இருந்தாதான் அது மசியும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அசடு.

மறுநாள் கடையிலிருந்து மெல்லிய அரம் ஒன்றை எடுத்துவந்தேன். லென்ஸ் விளிம்பைத் தேய்க்கிற அதே கையால் அந்தப் பள்ளத்தை வழவழவென்று தேய்த்தேன். புதிதாக ஒரே ஒரு கம்பி வாங்கி மாட்டினேன். முறுக்கினேன். அறவில்லை. இத்தனை நாள் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கோபம் வந்தால்தான் எனக்கு மூளையே வேலை செய்கிறது. ரிப்பேர் செய்வதாகத்தானே சொன்னேன், செய்தேன். இதில் ஒரு பொய் கிடையாது.

ஸ்டுடியோவில் தொடரின் இயக்குநர் அம்மாள் காத்திருந்தார். மேஜைமேல் ஒரு படிவம். 'இசை' என்ற இடத்தில் அத்தானின் பெயர், அழகான கையெழுத்தில்.

அத்தான் உட்கார்ந்து வாசித்தார். தொடக்கம் பிரமாதம். மெட்டு மூன்றாவது ஜோடிக்கு இறங்கியது. புதுக் கம்பி கூடவே உச்சத்தில் கத்தியது. இறங்க வேண்டிய இடம் ஏறி நின்றது.

"சார், இது அது இல்லையே," என்றார் இயக்குநர். "அங்க ஒத்தையா கீழ போகுமே, அதுக்குத்தானே நான் எடுத்தேன்?"

திரும்ப வாசித்தார். திரும்பவும் கத்தியது. நெற்றியெல்லாம் வியர்வை.

"மலிவு கிட்டார் மேடம். இதுல இவ்வளவுதான் வரும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நான் எழுந்தேன்.

"மேடம், அந்த ரெக்கார்டிங்ல எத்தனை கம்பின்னு அவரைக் கேளுங்க."

"என்ன கேள்வி இது? பன்னெண்டு," என்றார் அத்தான். "சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

கடையிலிருந்து கொண்டுவந்த குறடு என் கைப்பையில் இருந்தது. கிட்டாரை வாங்கி, மூன்றாவது ஜோடியின் மெல்லிய கம்பியை வெட்டினேன். பிறகு வாசித்தேன். என் மெட்டு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கியது, ஒற்றையாக, கடைசிவரை.

இயக்குநர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார். வெட்டிய கம்பியைச் சுருட்டி அவர் சட்டைப் பையில் போட்டேன்.

"இந்தாங்க அத்தான். இதுல உங்க பங்கு இதுதான்."

இயக்குநர் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதியது ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் அதை அத்தான் பக்கம் தள்ளினேன்.

"உங்க கையெழுத்துதான் அழகு. நீங்களே எழுதுங்க."

எழுதினார். 'இசை' என்ற இடத்தில் என் பெயர். இந்தத் தடவை கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை. குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க அக்காகிட்ட நான் என்னம்மா சொல்லுவேன்?" என்றார்.

"யார் பேரு போட்டா என்ன அத்தான்," என்றேன். "குடும்பத்துக்குள்ளதானே."