பியாட்ரிஸின் வலது கட்டைவிரல்

பியாட்ரிஸின் விரல்களில் ரேகை கிடையாது. அவளுடைய ஒன்பது விரல்களின் ரேகைகளும் அசாம் ஜாவாவிலிருந்து சுங்கை பெசார் வரை ஒன்பது பேருடைய உடம்பில் இருந்தன. பத்தாவதான இடது கட்டைவிரலின் நுனி, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்திலேயே கத்தியோடு போய்விட்டதால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பது வருடமாக அவள் உடம்பு பிடித்துவிடுகிறாள். பிடிவாதமான வலி எந்த விரலின் அழுத்தத்தில் கடைசியாக விட்டுப்போகிறதோ, அந்த விரலின் ரேகை அந்த இடத்திலேயே தங்கிவிடும். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை வெட்டும் சன்னாசியின் தோளில் மோதிர விரல் இருந்தது. ஜெராமில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவின் முழங்காலில் நடுவிரல். கைலியை ஒரு சாண் தூக்கி வாடிக்கையாளர்களுக்கு அதைக் காட்டிவிட்டுத்தான் அவர் தேத்தண்ணீர் ஆற்றப் போவார். யாரும் அதிசயப்பட்டதில்லை. அம்மைத் தழும்பு மாதிரி அதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கில் புதிய விதிமுறைகள் வந்தன. உடம்பு பிடிப்பவர்கள் அறுபது மணி நேர வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, சங்கத்தில் உறுப்பினராகி அட்டை வாங்க வேண்டும். ஜூன் முப்பதுக்குப் பிறகு அட்டை இல்லாமல் யார் உடம்பிலும் கை வைக்கக் கூடாது. பாயில் படுக்கவைத்துப் பழகியவர்கள் கட்டில் வாங்கினார்கள். எண்ணெய்ப் போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டினார்கள். புக்கிட் ரோத்தானில் ஒருவர், எலும்புகளின் பெயரை இந்த வயதில் மனப்பாடம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு வாழைப்பழம் பொரித்து விற்கப் போய்விட்டார். பியாட்ரிஸ் உடற்கூறு பாடத்தில் அறுபத்தெட்டு வாங்கினாள். கட்டிலும் வாங்கினாள். மீதி இருந்தது ஒன்றுதான்: ஐசி என்கிற அடையாள அட்டையில் இருக்கும் ரேகையும் ஆளின் ரேகையும் ஒன்றுதானா என்று சங்க அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில், எழுத்து வேலை பார்க்கும் நூருல் என்ற கிராணிப் பெண் ஆறு முறை அவள் விரலைத் துடைத்துத் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்த்தாள். கருவி ஆறு முறையும் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது.

மறுநாள் சீனி முகம்மது கடையை மூடிவிட்டு வந்து, நாற்காலியில் ஏறி முழங்காலைக் கருவியில் வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"ஆளு இவங்கதாம்மா. என் முட்டியில இருக்கறது இவங்க வெரலுதான். ஊரைக் கேளு" என்றார்.

"நான் இல்லன்னு சொல்லல பாய். இது நடுவெரலு. ஐசியில இருக்கறது வலது கட்டவெரலு மட்டும் லா. அது யாருகிட்ட இருக்கோ, அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றாள் நூருல்.

அது யாரிடம் இருக்கிறது என்று பியாட்ரிஸுக்குத் தெரியும். அவளுடைய தங்கை பேட்ரிசியாவின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் பேட்ரிசியாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து மூன்று நாள் உயிரோடு இருந்தது. குழந்தை இல்லாத தாய்க்குப் பிரசவ உடம்பு பிடித்துவிடும் வழக்கம் அந்தத் தோட்டங்களில் இல்லை. பிள்ளை பெற்ற கட்டில்காரியின் நாற்பது நாளும் குழந்தைக்காகத்தான் என்பது அங்கே எழுதாத விதி. பியாட்ரிஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தினமும் பேருந்து ஏறி சுங்கை பெசாருக்குப் போனாள். முப்பதாம் நாள் வலி விட்டது, ரேகை தங்கியது. அந்த மகிழ்ச்சியில் அவள், "கவலப்படாத, அடுத்தது நல்லாப் பொறக்கும்" என்று சொல்லிவிட்டாள். பேட்ரிசியா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "இனிமே எம்மேல கை வைக்காத" என்றாள். அடுத்தது என்று ஒன்று வரவேயில்லை. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் பூசையில்கூட அக்காளும் தங்கையும் கோயிலின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்தார்கள்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதிவரை பியாட்ரிஸ் போகவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அட்டை கிடைக்காமல் போனால் இந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம், தங்கையின் முகத்தைப் பார்க்கும் பயம் இன்னொரு பக்கம். கடைசியில் சுங்கை பெசாரில் பேட்ரிசியா மூட்டை எடை எழுதும் அரிசி ஆலையின் வாசலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"அட்டைக்கு ஒன் முதுகு வேணும்."

பேட்ரிசியா பேனாவை மூடினாள். பிறகு, "நாளைக்கு அர நாளு லீவு கேக்கறேன்" என்றாள். மன்னித்தாள் என்று சொல்வதற்கில்லை. வருகிறாள் என்று மட்டும் சொல்லலாம்.

அலுவலகத்தில் பரீட்சைக்குப் போட்டிருந்த கட்டிலைச் சுற்றி நூருல் திரையை இழுத்தாள். கருவியின் ஒயர் எட்டவில்லை. மூவருமாகக் கட்டிலை மேசைப் பக்கம் தள்ளினார்கள். பேட்ரிசியா குப்புறப் படுத்தாள். நூருல் கருவியை அந்த இடத்தில் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்து, பியாட்ரிஸின் பெயரும் பழைய தோட்ட முகவரியும் கணினியில் வந்தன. நூருல் விண்ணப்பப் பாரத்தை எடுத்தாள். ரேகை இருக்கும் இடம், எழுதியாயிற்று. உறவு, தங்கை.

"ரேக அங்க போனதுக்குக் காரணம் என்னான்னு போடணும்க்கா. சும்மா விட்டா கோலாலம்பூர்ல திருப்பி அனுப்பிருவாங்க."

பேட்ரிசியா தலையைத் தூக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்பதுபோல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரசவம் என்று சொல்லியிருந்தால் போதும், பாரத்துக்கு அது போதும். பியாட்ரிஸ் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டெரல்" என்றாள். "எந் தங்கச்சி மகன். மூணு நாளு இருந்தான்."

பதினொரு வருடத்தில் அந்தப் பெயரைப் பேட்ரிசியாவைத் தவிர வேறு யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நூருல் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினாள். பேட்ரிசியா எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அந்த எடத்துல இன்னும் வலிக்குது" என்றாள்.

விதிப்படி பார்த்தால் அட்டை கைக்கு வராமல் தொடக்கூடாது. நூருல் முத்திரை மையைத் தேடி வெளியே போனாள். தேடி முடிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

அட்டை ஆகஸ்டில் வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது தங்கையும் கூட வர வேண்டும் என்று பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழே, காரணம் என்ற இடத்தில், டெரல் என்று இருந்தது.